தள்ளித் தள்ளி விழும் 'டொக்'

ரங்கநாயகி அக்காவின் கிரைண்டர் 'டொக்' என்றது. மாவு விற்பவர்கள் வைத்திருக்கும் பெரிய கிரைண்டர் அது. ஓடும்போது விட்டுவிட்டு 'டொக்'. போத்தனூரில் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரை அதை இரண்டு தரம் பிரித்து மாட்டிவிட்டார். கல்லைப் பார்த்தார், பேரிங்கை மாற்றினார். மோட்டாரைத் தனியே ஓட்டினால் சத்தமே இல்லை. சேர்த்து மாட்டினால் மறுபடியும் 'டொக்'.

ஞாயிறு காலை மகள் நந்திதா வந்தாள். விவாகரத்துக்குப் பிறகு அவிநாசியில் அம்மா கோமளாவுடன் இருக்கிறாள். ஞாயிறு மட்டும் அப்பாவிடம். பதினோராம் வகுப்பு. போன மாதம் அவளுடைய வள்ளிக் கும்மி அரங்கேற்றத்துக்கு அவர் போகவில்லை. கோமளாவின் சொந்தபந்தம் மொத்தமும் நிற்குமே என்று பட்டறையிலேயே இருந்துகொண்டார். அன்றிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

"அடுத்த வாரம் ஆனைமலையில ஆட்டம். இனி ஞாயித்துக்கெழமையானா எங்காச்சும் ஆட்டந்தான். இங்க வர முடியாதுங்க," என்றாள், போனைப் பார்த்தபடியே.

"செரி கண்ணு," என்றார். இந்த ஞாயிறும் போய்விட்டால் மகளே கைவிட்டுப் போன மாதிரிதான்.

என்ன செய்வதென்று தெரியாமல் கிரைண்டரைப் போட்டார். டொக். டொக்.

"நிறுத்தாதீங்க," என்றாள் நந்திதா. அவள் கால்விரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. "டிரம் சுத்தறதோட இது சேரலீங்களே."

"எல்லாம் ஒண்ணாத்தான சுத்துது அம்மணி?"

"கும்மி பாத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."



கிரைண்டரை ஒரு நொடி நிறுத்தி, டிரம்மின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மறுபடி ஓடவிட்டாள். சுற்றுகிற கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு 'டொக்' விழும்போதெல்லாம் கை தட்டினாள். குறை டிரம்மில் இருந்தால், தட்டும்போதெல்லாம் கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் டிரம் ஒரு சுற்றை முடித்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

"டிரம்ம விட மோட்டாரு வேகம். கல்லும் வேகம். டிரம்ம விட மெதுவா சுத்தறது எதுங்க?"

பெல்ட். மோட்டாரோடு டிரம்மின் சக்கரத்தை இணைக்கும் பெல்ட், அந்தச் சக்கரத்தின் சுற்றளவைவிட நீளமானது. பெல்ட் ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவதற்குள் டிரம் ஒரு சுற்றைத் தாண்டிவிடும். தம்பிதுரைக்கு உறைத்தது. புது பெல்ட், அவரே வாங்கி மாட்டியது. அந்த நம்பிக்கையில்தான் பிரித்த இரண்டு தரமும் துடைத்து அதையே மாட்டியிருந்தார். இப்போது கழற்றித் தடவினார். உள்பக்கத்தில் ஓரிடம் மிளகளவு புடைத்திருந்தது.

"எப்பிடிடா கண்ணு?"

"வரிசையில எவ அடிய தள்ளி வெக்கறான்னு இப்பிடித்தான் புடிப்பேன். எங்க மாஸ்டரே என்னத்தான் கேப்பாரு."

இவள் ஆடுவதைப் பார்க்காமலா பட்டறையில் உட்கார்ந்திருந்தோம்!

"ஆனைமலைக்கு நானு வரட்டுமா?"

"அம்மா, மாமனெல்லாம் இருப்பாங்க."

"இருக்கட்டும்."

"பின்னால ஒளிஞ்சு நிக்கக்கூடாது."

"மொத வரிசைலயே உக்காந்துக்கறேன்."

"கிரீஸ் சட்டையோட வந்துபோடாதீங்க," என்று முதல்முறையாகச் சிரித்தாள்.

வேறு பெல்ட் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, மகள் கேட்கவே உரக்கப் போன் பேசினார்.

"ஏனுங்கக்கா, சத்தம் நின்னுபோச்சுங்க. பெல்ட்டுல ஒரு எடம் பொடச்சிருந்துதுங்க, மாத்திப்போட்டேன். கண்டுபுடிச்சது நானில்லீங்க, என்ற புள்ள நந்திதா. கிரைண்டர இன்னைக்கே எடுத்துக்கோங்க. இனி ஞாயித்துக்கெழமைல பட்டறை கெடையாதுங்க. அவ எந்த ஊருல ஆடறாளோ நானு அங்க இருப்பேன்."