ரெட்டைப் படப் பெட்டி

அரவேணுவுக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட்டை வெள்ளைக்காரரிடமிருந்து கோயம்புத்தூர் முதலாளி வாங்கியபோது, பங்களாவோடு சேர்ந்து பதினோரு நாற்காலி, ஒரு நொண்டி நாய், ஹால் மேஜைமேல் ஒரு மரப்பெட்டி ஆகியவையும் கைமாறின. நாற்காலியில் உட்காரவும் நாயை விரட்டவும் மேனேஜர் தங்கமணிக்குத் தெரிந்திருந்தது. பெட்டிதான் பிடிபடவில்லை. முன்பக்கம் கண்வைத்துப் பார்க்க இரண்டு வில்லை. பக்கவாட்டில் ஒரு திருகு. உள்ளே சங்கிலியில் வரிசையாக ஐம்பது கண்ணாடித் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரே படம், அடுத்தடுத்து இரண்டு தடவை.

“ஒண்ணு போதாதுங்களா? வெள்ளைக்காரன் சரியான ஊதாரிங்க” என்று தீர்ப்புச் சொன்னார் தங்கமணி. குன்னூர் கண்ணாடிக் கடைக்காரரை வரவழைத்து, அத்தனை தகட்டையும் நடுவில் அறுத்தார். ஒரு பாதியைப் பெட்டியிலேயே செருகினார். மறுபாதிக்குச் சட்டம் போட்டு, தீபாவளிக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் வழங்கிவிட்டார். அந்தப் பெருமை மூன்று மாதம் நீடித்தது.

நான்காம் மாதம், தோட்ட முதலாளிகள் சங்கத் தலைவர் சில்வஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. பழைய துரையின் பெட்டியில் பார்த்தால் மலையெல்லாம் நிஜம்போல எழுந்து நிற்குமாமே, ஞாயிற்றுக்கிழமை டீக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். தங்கமணி குனிந்து பார்த்தார். மலை படுத்தே கிடந்தது.

“சிலோன்ல பங்களா வேலை பாத்த ஆளு ஒருத்தர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிட்டு இருக்காருங்க” என்றார் பேக்டரி கிளார்க்.

அப்படித்தான் அய்யாவு கவ்வாத்துக் கத்தியோடு ஹாலுக்கு வந்தார். சிலோனில் பதுளையில் பிறந்து, ஐம்பதாவது வயதில் முதல்முறையாக இந்தியாவைப் பார்த்தவர். மண்டபம் முகாமில் கொடுத்த அட்டையில் ‘தாயகம் திரும்பியவர்’ என்று போட்டிருந்தது. வந்து இரண்டு வருஷமாகியும் டெம்பரரிதான். பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் தொழிலாளர் லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறை. அய்யாவும் மனைவி அன்னக்கிளியும் விறகுக் கொட்டகையில் படுத்தார்கள்.

அவர் பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார். கண்ணுக்கொன்றாக இரண்டு படமும் சேர்ந்தால்தான் மலை எழுந்து நிற்கும்.

“மத்தப் பாதி எங்க தொரை?”

“எந்தப் பாதி?”

அந்தக் குரலே போதுமாயிருந்தது. துரையின் தப்பைத் துரையிடம் சொன்னவன் பேரை மறுநாள் வேலைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே வழக்கந்தான்.

“ஞாயித்துக்கெழமை மலை நின்னா திங்கக்கெழமை நீ பர்மனென்ட். காம்பராவும் உண்டு. நிக்கலைன்னா பெட்டியக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார் தங்கமணி.

கொட்டகையில் அன்னக்கிளி கேட்டாள்: “உண்மையச் சொல்லித் தொலைக்கிறதுதானே?”

“சொன்னா காம்பரா இன்னிக்கே போயிரும்.”

“சொல்லாட்டி?”

“ஞாயித்துக்கெழமை போகும்.”

“அப்ப மூணு நாளைக்கித் தூங்குங்க.”

அய்யாவு அறுபட்டுப் போன பாதிகளின் இடத்தில் கறுப்பு அட்டையை ஒட்டி, தகடுகளை ஆடாமல் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சில்வஸ்டர் கோட்டும் சுருட்டுமாக வந்தார். அவருடைய அப்பா குன்னூரில் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி விற்றவர். அதை இப்போது சொல்ல ஆளில்லை. குனிந்து வில்லையில் கண்வைத்தார்.

“ஒரு பக்கம் இருட்டா இருக்கே?”

தங்கமணி அய்யாவைப் பார்த்த பார்வையில் விறகுக் கொட்டகைகூட மிஞ்சாது போலிருந்தது.

“மொதல்ல அப்படித்தான் தொரை” என்றார் அய்யாவு, திருகைவிட்டுத் தலைநிமிராமல். “பரம்பரைத் தொரைமாருக்கு ஒடனே நிக்கும். நடுவுல வந்தவங்களுக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும். சில பேருக்கு நிக்கவே நிக்காது. பாவம், அவங்கள ஒண்ணும் சொல்லப்படாதும்பாரு எங்க சிலோன் தொரை.”

சில்வஸ்டர் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

“நிக்குது!” என்றார் சில்வஸ்டர். “ஜம்முனு நிக்குது!”

தங்கமணியும் தலையை நுழைத்துப் பார்த்தார். “எனக்கு அதுக்குப் பின்னாடி இன்னொரு மலையே தெரியுதுங்க.”

“ஒண்ணுதானா? எனக்கு ரெண்டு.”

அய்யாவு திருகிக்கொண்டே இருந்தார். தோள்பட்டை வலித்தது. சிலோன் பங்களாவில் தூசி துடைக்கும்போது, துரைக்குத் தெரியாமல் இப்படியொரு பெட்டியை அவர் முழுசாகப் பார்த்ததுண்டு. படத்தில் கூடை சுமந்த ஒரு பெண் கையெட்டும் தூரத்தில் நின்றாள். சிரிக்கவில்லை. அவளுக்கும் கால் கடுத்திருக்கும்.

ஐம்பது படமும் முடிந்ததும் சில்வஸ்டர் நிமிர்ந்தார். “தங்கமணி, இது ஊட்டியில என் ஹால்ல இருக்க வேண்டிய சாமான். சங்கத்துல செயலாளர் இடம் ஒண்ணு காலியாகுது, உங்களத்தான் நெனச்சேன்.”

“அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க! பெட்டிக்கு ஆளு வேணுமில்லீங்களா, இவனையும் கூட்டிட்டுப் போங்க.”

“என்கிட்ட டெம்பரரிதான்.”

“அவனுக்குப் பழக்கமுங்க.”

இந்தியாவுக்கு இத்தனை லட்சம், சிலோனுக்கு இத்தனை லட்சம் என்று சிலோன் தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொள்ள இரண்டு சர்க்காரும் சில நாளாவது பேசினார்கள். இங்கே டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

“காம்பரா, தொரை?” என்றார் அய்யாவு.

“அது எஸ்டேட் ஆளுக்கப்பா. நீ இப்ப ஐயாவோட ஆளு.”

கொட்டகை வாசலில் அன்னக்கிளி துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

மீதியையும் சொன்னார். அவள் பிழிந்த சேலையையே மறுபடி பிழிந்தாள்.

“அங்க எங்க தங்குறது?”

“பெட்டிய ஜன்னலோரம் வைப்பாங்களாம். நம்மளப் பத்திப் பேச்சே வரல.”

“துணி காயட்டும். காலைல வர்றோம்னு சொல்லுங்க.”

“சொன்னேன். ஜீப்பு கெளம்பி நிக்குது.”

அன்னக்கிளி ஈரச்சேலையை விரித்து, தட்டுமுட்டுகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள்.