ஊடகத் தொடர்புக்கு மட்டும்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இதழியல் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் வாயாடி. பெயருக்கேற்ற வேலையாகத் தேடி, தொண்டு நிறுவனங்களில் ஊடகத் தொடர்புப் பயிற்சிக்குப் போனாள். முதல் நிறுவனத்தில் அவளைப் பேசவே விடவில்லை. ரத்ததான முகாமில் பேனரின் ஒரு முனையைப் பிடித்து நிற்க வைத்து, படத்தில் அந்த முனையையும் வெட்டிவிட்டார்கள். இரண்டாவது நிறுவனத்தில் ஊடகப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒழுகும் ஜன்னல், பிறகு அக்கா. பிரிவுத் தலைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் கிழி கிழியென்று கிழிப்பாள். கோபம் ஆறுமுன்னே தன் சாப்பாட்டில் பாதியை டப்பா மூடியில் வைத்துத் தள்ளுவாள். வாயாடிக்கு அவள்மேல் உயிர்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது அக்கா முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தாள். “செய்தி அறிக்கையை நீயே எழுதி அனுப்பிடு” என்று போனில் சொன்னதும் வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. வரிவரியாகச் செதுக்கினாள். அடியில் நிருபர்கள் கூப்பிட அலுவலக எண்ணைப் போடுவது வழக்கம். அந்தத் தொலைபேசியோ மழையில் செத்துக் கிடந்தது. தன் செல்போன் எண்ணைப் போட்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்?

நாளிதழ்க்காரர்கள் அறிக்கையை நான்கு வரியாக நறுக்கி, மேலே வெள்ள நிவாரணம் என்றும் கீழே கொட்டை எழுத்தில் அவள் எண்ணையும் போட்டுவிட்டார்கள். அது நிருபர்களுக்கான எண் என்ற குறிப்பைக் காணோம். பஸ் ஓட்டுநரான அப்பா பேப்பரை டிப்போ முழுக்கக் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே போன் அலறியது. நிருபர் ஒருவர்கூட இல்லை. போர்வை கேட்டார்கள், பால்மாவு கேட்டார்கள். ஒருவர், “எங்க ஆடு மொட்டைமாடியை விட்டு இறங்க மாட்டேங்குது, யாராவது வந்து பேசிப் பாருங்க” என்றார்.

“பேசணும்னுதானே ஆசைப்பட்ட? பேசு” என்று அம்மா தையல் மெஷினை மிதித்தாள்.

நடுவில் ஒரு முதியவர் கூப்பிட்டார். “படகுல ஏத்துற கூட்டத்துல என் வீட்டுக்காரி வேற படகுல ஏறிட்டாம்மா. எந்த முகாம்ல இருக்கான்னு கேட்டுச் சொல்லேன். இது யாரோட போனோ. சாயங்காலம் யார்கிட்டயாவது வாங்கி நானே கூப்பிடுறேன்.”

“கண்டிப்பா கண்டுபிடிச்சு வைக்கிறேன் ஐயா” என்றாள். பெயர்களைக் கேட்டுக்கொண்டாள். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால், போனுக்குச் சொந்தக்காரர் லாரியேறி எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

வாயாடி அலுவலகம் போய்ச் சேர்ந்ததும், சேற்றுக் காலோடு வந்த அக்கா கிழித்தாள். “வெள்ள உதவி எண்ணுல பயிற்சி எடுத்தவங்க உக்காந்திருக்காங்க. நீ தப்பா ஏதாவது சொல்லி, யாராவது தண்ணிக்குள்ள இறங்கிட்டா? பேப்பர்ல திருத்தம் போடச் சொல்லிட்டேன். போனை ஆஃப் பண்ணு.”

“முடியாதுக்கா. ஒருத்தர் கூப்பிடுவார்.” விஷயத்தைச் சொன்னாள்.

“யாரைக் கேட்டு வாக்குக் குடுத்த?”

“யாரையும் கேக்கலக்கா.”

அக்கா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். “அந்த ஒரு கால் வர்ற வரைக்கும்தான். மத்ததை எல்லாம் உதவி எண்ணுக்குத் திருப்பிவிடு.”

முகாம்களைத் துளைத்தெடுத்ததில், மதியத்துக்குமேல் ஒரு பள்ளிக்கூட முகாமில் அந்த அம்மாள் கிடைத்தார். முகாம் பொறுப்பாளர் தன் போனையே அவர் கையில் கொடுத்து உட்கார வைத்தார்.

அக்காவிடம் பேட்டியெடுக்க வந்திருந்த டிவி நிருபர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். முதியவர் கூப்பிடும்போது பேச்சைப் பதிவுசெய்து ஒளிபரப்ப வேண்டும் என்றார். அந்தச் சேனலின் கடைக்கண் பார்வைக்கு அக்கா மாதக்கணக்காகத் தவமிருந்தாள். இது வெளியே வந்தால் போர்வைகள் வந்து குவியும். “அவர் சம்மதிச்சா மட்டும்தான்” என்றாள்.

“முதல்ல சம்மதத்தைக் கேளு தங்கச்சி, அப்புறம் நல்ல சேதியைச் சொல்லு” என்று நிருபர் மைக்கைச் சரிசெய்தார்.

வாயாடிக்கு உறுத்தியது. பெண்டாட்டி எங்கே என்று தெரியாமல் தவிக்கிற மனுஷன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்? அதற்குப் பெயர் சம்மதமா? ஆனால் முகாம்களில் குளிரில் கிடக்கிற பிள்ளைகளும் நினைவில் வந்தார்கள். அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு எடுத்தாள்.

“அம்மா, காலையில பேசினேனே...” அதே முதியவர். “ஏதாவது தெரிஞ்சுதா?”

நிருபர் கையசைத்தார். வாயாடி வாயைத் திறந்தாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்...” என்று இழுத்தாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது. அதை அவளால் தாங்க முடியவில்லை. “ஐயா, அம்மா கிடைச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. லைன்லேயே இருங்க” என்று இருவரையும் இணைத்துவிட்டாள்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க? மாத்திரை போட்டீங்களா?” என்றது பெண்குரல்.

“எப்படிப் போடுறது? உன் பையிலதானே இருக்கு!”

பிறகு இருவரும் அழுதார்கள். வாயாடி ஸ்பீக்கரை அணைத்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. அவர்கள் பேசித் தீர்ந்த பிறகுதான் எடுத்து, அவர் இருக்கும் இடத்தைக் கேட்டாள். அழைத்துப்போக ஆள் வரும் என்றாள்.

“ஏதோ கேக்கணும்னியேம்மா?”

“ஒண்ணுமில்லைங்க ஐயா. நீங்க போய்ச் சேருங்க.”

நிருபர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, “நல்ல பொண்ணை வேலைக்கு வச்சிருக்கீங்க” என்று குத்தலாகச் சொல்லிவிட்டுப் போனார். வாயாடி தலைகுனிந்து நின்றாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அந்த ஒரு அழைப்பும் வந்துவிட்டது. சொன்ன சொல்படி போனை அணைக்க விரலைக் கொண்டுபோனபோது அது மறுபடி அடித்தது.

அக்கா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க” என்றாள். “யாரைத் தேடுறீங்க?”