கோகிலாவுக்கும் எடுத்துப் பார்த்தார்கள்

மூன்றாவது கருவும் கலைந்த பிறகுதான் ஒரு டாக்டர் செல்வகுமாரியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை எல்லோரும் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

பாண்டியில் அந்த டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அவளையும் புருஷன் அரிகரனையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. கிருமி வந்தா அடிக்கறதுக்கு ஒடம்புல ஒரு காவல் இருக்கில்ல? இவங்களுக்கு அந்தக் காவலே சுரப்பிய எதிரின்னு நெனச்சி அடிக்குது. அதனாலதான் அசதி, ஒடம்பு ஊதறது எல்லாம். கரு தங்காததுக்கும் அதுதான் காரணமா இருக்கும். இவங்க ஒரு தப்பும் பண்ணல. மாத்திரைய விடாம போட்டு அளவ சரியா வெச்சிக்கிட்டா, புள்ள பொறக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

ஒரு தப்பும் பண்ணல. செல்வகுமாரி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். நெல்லுக்கட்டு தூக்கினதால் போச்சு, டிராக்டரில் ஏறினதால் போச்சு, வரப்பில் அண்டை வெட்ட இறங்கினதால் போச்சு என்று இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பியிருந்தாள்.

அரிகரன் வேறொன்றைப் பிடித்துக்கொண்டான். பாகூருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னான்.

"அவ ஒடம்பே அவ ஒடம்ப அடிக்குதாம்மா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதில் அவன் மனசில் நின்றது அவ்வளவுதான். அவன் அம்மா விருத்தாம்பாள் மாட்டுக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்போ மூணையும் தின்னது அவ ஒடம்புதான்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் பேச்சு. செல்வகுமாரி விடியும் முன் எழுந்து வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாள். சாணி அள்ளி, பால் கறந்து, அதற்குப் பிறகுதான் டீ குடித்தாள். நடவுக்குப் போனாள், களைக்குப் போனாள். முகத்தில் வீக்கம் வடிந்தது. தள்ளித் தள்ளிப் போன தீட்டு ஒழுங்காக வந்தது. ஒரு வருஷம் கழித்து டாக்டரம்மா ரத்த முடிவைப் பார்த்துவிட்டு, "அளவு சரியா நிக்குது, இனிமே முயற்சி பண்ணுங்க" என்றார்.

விருத்தாம்பாளின் பொறுமை முடிந்தது அந்த மாதத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு வில்லியனூர்ப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. செல்வகுமாரியின் அப்பா குழந்தைவேல் கரும்பு வெட்டுகிறவர். நிலம் கிடையாது. பெண்டாட்டி செத்த பிறகு இரண்டு பெண்களையும் அந்தக் கத்தியை வைத்துத்தான் வளர்த்தார். சின்னவள் கோகிலா திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். தவளக்குப்பம் கூட்ரோட்டில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கும் புகழேந்தி அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இருவருக்கும் பிடித்திருந்தது. வேலை முடிந்து வேனில் வரும்போது தினம் போன் பேசிக்கொண்டு வருவாள்.

விருத்தாம்பாள் கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"சம்பந்தி, நான் சுத்தி வளைக்கல. சின்னதையும் எங்க வூட்டுக்கே குடுத்துடுங்க. பெரியவள நாங்க அனுப்பல. அவ மாடு கன்னு பாத்துக்கினு இருக்கட்டும், சின்னவ ஒரு புள்ளயப் பெத்துக் குடுக்கட்டும். ரிஜிஸ்டர்லாம் வாணாம். கொலதெய்வம் கோயில்ல வெச்சி ஒரு மஞ்சக்கயிறு. அக்கா தங்கச்சிதான, வேத்து மனுசியா?"

"தவளக்குப்பத்துல ஒரு எடம் பேசி வெச்சிருக்கோமே..." என்றார் குழந்தைவேல்.

"பேசித்தான வெச்சிருக்கீங்க. தட்டு மாத்தலயே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டேன் என்றால் பெரியவள் பெட்டியோடு வந்து நிற்பாள். அக்கா வாழாவெட்டியாக இருக்கும் வீட்டில் தங்கையை எவன் கேட்பான்? இதை விருத்தாம்பாள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லை.

கோகிலா வாசற்படியில் நின்றுகொண்டு கத்தினாள். "நான் ஒத்துக்க மாட்டேன். மாமாவ நான் அண்ணன் மாதிரி நெனச்சிக்கினு இருக்கறேன்."

"ஒங்கக்கா அந்த வூட்ல இருக்கணுமா வாணாமா, அத மட்டும் சொல்லுடி" என்றாள் விருத்தாம்பாள்.

கோகிலா அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செல்வகுமாரி வாயைத் திறந்தாள்.

"அத்த, அவளும் எங்கம்மா வயித்துல பொறந்தவதான். எனக்கு இருக்கறது அவளுக்கும் இருக்கும். கூடப் பொறந்தவங்களுக்கும் வரும்னு டாக்டரே சொன்னாங்க. ரெண்டு பேரையும் வெச்சி வெறும் சோறு போடப் போறீங்களா?"

வரலாம், எப்போதாவது எடுத்துப் பாருங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாரை விரட்ட அவள் அதைப் பெரிதாக்கினாள். விருத்தாம்பாள் பயப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நல்ல வேள சொன்ன. எடுத்துப் பாத்துடுவோம். மாடு வாங்கறப்பவே பல்லப் புடிச்சிப் பாக்கறோம்."

அவள் கொல்லைப்பக்கம் போனதும் கோகிலா கிசுகிசுத்தாள். "இன்னாக்கா இப்பிடிச் சொல்லிட்ட?"

"சும்மா சொன்னேன்டி. ஒனக்கு ஒன்னும் இருக்காது."

"இல்லன்னு வந்தா என்னைத் தூக்கிக்கினு போயிடுவாங்களே?"

செல்வகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, இருக்கக்கூடாது என்று வேண்டுவதா என்று தெரியாமல் அந்த வாரம் முழுவதும் சாமி படத்துக்கு முன்னால் வெறுமனே நின்றுவிட்டு வந்தாள்.

வில்லியனூரில் ரத்தம் எடுத்தார்கள். கோகிலாவுக்கும் இருந்தது.

முடிவை எடுத்துக்கொண்டு மூன்று பெண்களும் பஸ்ஸிலும் அரிகரன் பைக்கிலுமாகப் பாண்டிக்குப் போனார்கள். டாக்டரம்மா கோகிலாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "சுரப்பிய அடிக்கற ஆன்டிபாடி இருக்கு, ஆனா சுரப்பி நல்லாவே வேல செய்யுது. இப்ப மாத்திரையே வேணாம். வருஷத்துக்கு ஒருமுறை பாத்துக்கலாம். கரு தரிச்சா உடனே வந்து காட்டணும், அவ்வளவுதான். பயப்படறதுக்கு ஒன்னுமில்ல."

"இருக்குதா இல்லயா, அதச் சொல்லுங்க" என்றாள் விருத்தாம்பாள்.

"இருக்கு. ஆனா..."

"அது போதும்மா."

வெளியே வந்ததும், "எங்க தலையெழுத்து. கடலூர்ப் பக்கம்தான் வேற பொண்ணு பாக்கணும்" என்று தன் மகனிடம் சொன்னாள். அரிகரன் போய் பைக்கைத் திருப்பினான்.

கடலூர்ப் பக்கம் யாரைப் பார்த்தாலும் செல்வகுமாரிக்குக் கவலையில்லை. தங்கை தப்பித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் தண்ணீர் விட்டு, கருவாடு சுட்டு, வயிறு நிறையத் தின்றாள். அப்படித் தின்று ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரமே விருத்தாம்பாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு தவளக்குப்பம் பஸ்ஸில் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டு வந்துட்டேன்."

"இன்னா சொன்னீங்க அத்த?"

"அந்தப் பையனோட அம்மாகிட்டதான். பெரியவளோட வியாதி சின்னவளுக்கும் இருக்குதுன்னு. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா, தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தாளேன்னு என்னைத்தான சொல்லுவாங்க? நான் பட்டது போதும், அந்தப் பொம்பளயாவது தப்பிக்கட்டும்."

அவள் முகத்தில் வஞ்சம் இல்லை. புண்ணியம் செய்துவிட்டு வந்தவள் போலத்தான் இருந்தாள். செல்வகுமாரி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். அரிசி சிதறியது. விருத்தாம்பாள் கோழியைக் கூப்பிட்டாள்.

கோகிலா போன் பண்ணினால் புகழேந்தி எடுக்கவில்லை. குழந்தைவேல் நேரில் போய், வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பினார். கம்பெனி வேனில் ஏறும் ஊர்ப் பெண்களுக்குள் சேதி பரவியது. சேதி பரவப் பரவப் பெரிதாகி, கோகிலாவுக்குக் கர்ப்பப்பையே இல்லை என்றுகூட ஒருத்தி சொன்னாளாம்.

செல்வகுமாரி யாரிடமும் சொல்லாமல் தவளக்குப்பம் போனாள். கடையில் புகழேந்தி ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"ஒக்காருங்கக்கா."

அவள் உட்காரவில்லை. டாக்டர் சொன்னது அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னாள். கோகிலாவுக்கு இப்போது ஒன்றுமில்லை, மாத்திரைகூட வேண்டாம், நிறைய பேருக்கு இருக்கிறது, பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள்.

"தெரியும்க்கா. நானும் போன்ல தேடிப் படிச்சிப் பாத்தேன். டாக்டர்கிட்டயே கூட்டிக்கினு போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். வர மாட்டேங்கறாங்க."

"நீ உறுதியா நின்னா?"

அவன் கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நின்னேன்க்கா. நாலு நாள் சாப்பாடு போடல. அம்மா ஒன்னுதான் கேக்கறாங்க. பெரியவளுக்கும் டாக்டர் பொறக்கும்னுதான சொன்னாரு, இன்னா ஆச்சின்னு." துணியைக் கீழே போட்டான். "தப்பா நெனச்சிக்காதீங்க. ஒங்க இடுப்புல ஒரு புள்ள இருந்திருந்தா, அதக் காட்டியே பேசியிருப்பேன். எனக்குக் காட்டறதுக்கு ஒன்னும் இல்லக்கா."

செல்வகுமாரி தலையாட்டினாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டு ரோட்டுக்கு வந்தாள். கடலூர் ரோட்டில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கடக்க வழி கிடைக்கும்வரை ஓரமாக நின்றாள். கோகிலா போன் பண்ணினாள். மறுமுனையில் வேனின் இரைச்சலும் பெண்கள் பேசுவதும் கேட்டது.

"எங்கக்கா இருக்கற, ஒரே சத்தமா கெடக்குது?"

"தவளக்குப்பத்துல."

"இன்னா சொல்றாரு?"

"அப்பாவ வேற எடம் பாக்கச் சொல்லுடி."

"ஒம் மாமியார் வர்றதுக்கு பஸ் இல்லாத ஊராப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கோகிலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. போனை வைத்துவிட்டாள்.

பாகூர் பஸ் வந்து நின்றது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் தாண்டிவிட்டது, போனதும் பேச்சு விழும். செல்வகுமாரி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.