ரோட்டைப் பார்த்த ஜன்னல்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கலுக்குள் பாத்ரூம் கட்டித் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் முனிரத்தினம் சொன்னார். கட்டியது ஆடியில், அதுவும் நான் அக்காவின் பிரசவத்துக்காகப் படப்பை போயிருந்த பதினைந்து நாளில். தண்டலத்தில் பாதி வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் அவர். அவர் பெண்டாட்டி நான் மட்டும் கொல்லையில் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் குந்தினவாக்கில் குளித்துக்கொண்டிருந்தேன். கொல்லைக்கு எதிரே கம்பெனி பஸ் நிற்க ஆரம்பித்ததிலிருந்து அதுவும் விடியுமுன்தான். எனக்கு ஒரே ஆசை. வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று, அவசரமில்லாமல் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்க விடாமல் உள்ளே கூட்டிப்போனார். சும்மா சொல்லக் கூடாது, வேலை அவ்வளவு சுத்தம். வாஷ்பேசின் சுவரோடு சேரும் இடத்தில் வெள்ளைச் சிமெண்டை விரலால் இழுத்து, நூல் பிடித்த மாதிரி முடித்திருந்தார். ஜன்னலின் அடித்திட்டை உள்பக்கமாக லேசாகச் சரித்துவிட்டிருந்தார். அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு நிற்கவில்லை, வழிந்து பேசினுக்குள் போனது.

"இருவது வருசம் ஆனாலும் ஜன்னல் கட்டை இத்துப்போவாது. இன்னா சொல்ற?"

நான் ஜன்னலைத் திறந்தேன். எதிரே கம்பெனி பஸ். உள்ளே இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"யோவ், இன்னாய்யா இது? ரோடு தெரியுது!"

முழித்தார். கம்பெனி குவார்ட்டர்ஸில் நாற்பது ஜன்னல் வைத்த கை, இங்கேயும் அதே மாதிரி பேசினுக்கு மேலே நெஞ்சு மட்டத்தில் வைத்துவிட்டது. அங்கே ஜன்னலுக்கு வெளியே மதில் சுவர். இங்கே பெங்களூர் ரோடு.

"கண்ணாடிக்குப் பெயிண்ட் அடிச்சிடலாம் ஞானம்மா."

"காத்துக்குத் தொறக்க வேணாவா? நான் தட்டிக்குப் பின்னாலயே குளிச்சிக்கிறேன். உன் பாத்ரூமை நீயே பாத்துகினு இரு!"

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். தப்பு என்று வாயால் சொல்கிற ஆளே இல்லை அவர். பூச்சு உதிர்ந்தால் மணலைத்தான் திட்டுவார்.

மறுநாள் ஞாயிறு. பேசின்மேல் கோணியைப் போட்டு மூடிவிட்டு உளியும் சுத்தியுமாக நின்றார். அவர் போட்ட பூச்சு அவருக்கே அசைந்து கொடுக்கவில்லை. மதியம்வரை அடித்தார். "எந்தப் பாவிடா இவ்ளோ கெட்டியா வெச்சான்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஓட்டையைச் செங்கல்லால் அடைத்துப் பூசி, ஜன்னலைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டார். உடைந்த டைல்ஸுக்கு ஜோடி கிடைக்கவில்லை. வெள்ளைச் சுவர் நடுவில் சாம்பல் ஒட்டு. அந்தப் பக்கம் திரும்பவே அவருக்குக் கூச்சம்.

காலையில் புதுப் பூச்சுக்குத் தண்ணீர் விட மக்கோடு கிளம்பினார். நான் மக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நான் ஊத்திக்கிறேன். நீ போ."

கதவைச் சாத்தினேன். எட்டு மணி வெயில் மேலேயிருந்து விழுந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. என் முதுகு பழக்கதோஷத்தில் குனிந்தது. சீ என்று நிமிர்ந்தேன். தலைக்கு ஒரு மக், சுவருக்கு ஒரு மக்.

கதவுக்கு வெளியே அவர் இன்னும் போகாமல் நிற்பது தெரிந்தது.

"ஞானம்மா... நான் செஞ்சது தப்பும்மே."

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. உரக்க சொல்லு."

உரக்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.