ஒட்வாரின் ஆறு புட்டிகள்

விடியும் முன்பே கொட்டகையில் பிசின் கலந்தோம். படகு அச்சின் மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, பிசினை ஊற்றி, காற்றுக்குமிழ்களை உருளையால் நசுக்கினோம். நெடி முகமூடியைத் தாண்டித் தொண்டையில் உட்கார்ந்தது. எதிரே இங்குன் நின்ற இடம். என் மனைவி. இரத்தப் புற்றுநோய். வசந்தத்தில் போய்விட்டாள். இப்போது அங்கே ராக்னா நிற்கிறாள்.

பிசின் நெடியை உறிஞ்சும் குழாய் கேட்டோம். "உடம்புல ஏறுதுன்னு ஆதாரம் கொண்டாங்க" என்றார் முதலாளி யெர்முண்ட். தொழிற்சங்கம் எங்கள் சிறுநீரையும், ஒப்பிட அலுவலக ஊழியர்களுடையதையும் ஆய்வகத்துக்கு அனுப்பியது. ஆளுக்கு நூற்றுக்கணக்கான வேதிப்பொருள் அளவுகள் வந்தன. நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். அவற்றை ஆளுக்கொரு புள்ளியாகச் சுருக்கிப் படம் வரைந்தேன். உடம்பின் வேதியியல் ஒத்தவர்கள் அருகருகே விழுவார்கள்.

என் புள்ளி தனியே ஓரத்தில் கிடந்தது. கொட்டகையின் மற்ற ஆறு பேரின் புள்ளிகளும் அலுவலகக் கூட்டத்துக்குள், ஒன்றின் மேல் ஒன்றாக.

காப்பி அறையில் படத்தை மேசையில் வைத்தேன்.

"ஆறு பேருக்கும் ஒரே உடம்பா?"

பிசின் பக்கமே வராமல் வெளி முற்றத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் ஒட்வார் தலையைச் சொறிந்தான். "அந்த ஆறு புட்டியும் என்னுதுதான்ப்பா. பீர் வாங்கித் தர்றோம்னாங்க. அன்னிக்கு எவ்ளோ தண்ணி குடிச்சேன் தெரியுமா?"



"அளவு கூடினா யெர்முண்ட் கொட்டகையை விட்டுத் தூக்கிருவார், பிசின் வேலைக்கான படிக்காசு போயிரும்" என்றாள் ராக்னா. "கம்பெனி சோதனைக்கு வருஷாவருஷம் ஒட்வாரோடதைத்தானே குடுக்கிறோம்? பழக்கத்துல இதுக்கும் செஞ்சுட்டோம்."

"இது நம்ம சோதனை, ராக்னா."

யெர்முண்ட் உள்ளே வந்தார். படத்தை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாரும் ஆபீஸ்காரங்க மாதிரி நல்லாத்தானே இருக்காங்க! நீ ஒருத்தன்தான் வெளிய. சம்சாரம் போனதுலேர்ந்து குடி ஜாஸ்தியாமே?"

உண்மையைச் சொன்னால் ஆறு பேர் வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த இங்குன் யார் என்பது மட்டுமே மீதி.

ராக்னா எழுந்தாள். பிசின் வேலையில் மரத்துப்போன விரல்களால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புட்டியில இருந்தது என்னுது இல்ல, யெர்முண்ட். ஒட்வாரோடது."

"ஏமாத்துனியா? சீட்டைக் கிழிச்சிருவேன்."

"கிழிங்க. மறுபடி குடுக்கிறேன். இந்தத் தடவை என்னுதே."

"என்னுதும் இல்ல" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று.

"எல்லாரையும் அனுப்பிட்டு உருளையை நீங்களா பிடிப்பீங்க?" என்றான் ஒட்வார். "சட்டை வீணாயிரும், பாத்துக்குங்க."

வெளியேறிய யெர்முண்டின் பின்னால் கதவு அறைந்து மூடியது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கழிப்பறை முன் வரிசை நின்றது. சுவரில் வேலைநீக்க எச்சரிக்கை ஒட்டியிருந்தது. புட்டிகளில் போன முறை போட்ட எண்ணுக்குப் பதில் முழுப்பெயரை எழுதினார்கள். ஏழே பேர் கொண்ட இத்தனை சிறு கூட்டத்தில் கணக்கு எங்கள் பக்கம் சாயுமா, தெரியாது.

ராக்னா தன் புட்டியை இரு கைகளாலும் நீட்டினாள். வாங்கினேன். சூடாக இருந்தது.