கை நனைக்காத காலைச் சாப்பாடு

ஒஷாவாவையும் தாண்டி ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் திராட்சைத் தோட்டங்கள் வரும் என்று மகள் அட்சயா சொன்னபோது, ஸ்ரீதரன் கேட்ட முதல் கேள்வி, "அங்க போய் என்னத்தை வாங்கப் போறம்?" என்பதுதான். ஸ்காபரோவில் இருபத்தெட்டு வருடமாகச் சேலைக்கடை நடத்துகிற மனிதருக்கு, வாங்காமலும் விற்காமலும் ஓரிடத்தில் இரண்டு நாள் தங்குவது விளங்காத காரியம்.

"ஒண்டும் வாங்கேல்லை அப்பா. ராஜீவ்ட பேரன்ட்ஸ் பொள்ளாச்சியில இருந்து வந்திருக்கினம். எங்கட வீட்ட கூப்பிட்டா நீங்க ஹோஸ்ட். மிசிசாகாவில அவன்ட கொண்டோவில சந்திச்சா அவை ஹோஸ்ட். இது ஒரு பண்ணை வீடு. ரூம் தருவினம், காலமைச் சாப்பாடு தருவினம். எல்லாரும் கெஸ்ட். டோட்டலி நியூட்ரல்."

ஸ்ரீதரனுக்கு அந்த நியூட்ரல் பிடிபடவில்லை. மேசைக்கு இரண்டு பக்கம்தான் உண்டு என்பது அவர் அனுபவம். ஆகவே மகளுக்குச் சொல்லாமல் பண்ணைக்காரி வேரோனிக்காவுக்குப் போன் எடுத்து, எல்லா அறைகளுக்கும் தன்னுடைய கார்டையே கொடுத்துவிட்டார். பெண் வீட்டார் முந்திக்கொண்டு செலவழித்தால் மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்று ஒரு கணிப்பு.

இறங்கி வரவேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்தைப் பிள்ளைகள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். எந்த ஊரில் என்பதுதான் பாக்கி. ஸ்ரீதரனுக்கு அது டொரண்டோவில் நடந்தே ஆகவேண்டும். இந்த நகரத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கூறைச் சேலை விற்றவர் அவர். விற்ற வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் போய், பந்தியில் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டே "அடுத்தது எங்கட வீட்டிலதான்" என்று சொல்லி வந்தவர். அந்தச் சனத்தைக் கூப்பிடாமல் ஒற்றை மகளைக் கரை சேர்த்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு கடை திறப்பது?

சனிக்கிழமை பின்னேரம் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதிலேயே போயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன் மோகனசுந்தரம் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். வைனை அவர் தொட்டும் பார்க்கவில்லை. ஏக்கருக்கு எத்தனை டன், பனிக்குக் கொடியை எப்படி மூடுகிறார்கள், ஆள் கூலி என்ன என்று தோட்டக்காரனைக் குடைந்தெடுத்தார். ஸ்ரீதரனுக்கு உள்ளுக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. உவர் எங்கட சாதிதான், வியாபாரச் சாதி.

ஞாயிறு காலை எட்டரைக்கு மேசை நிறைந்தது. கோழிக்கூட்டில் அப்போதுதான் எடுத்த முட்டையில் பொரியல், ஆவி பறக்கும் பாண், வெண்ணெய், திராட்சை ஜாம். ஒன்பதரைக்கு மேசையை எடுத்துவிடுவேன் என்று வேரோனிக்கா சிரித்தபடியே சொல்லியிருந்தாள். கல்யாணப் பிள்ளைகள் அட்சயாவும் ராஜீவும் முன்னமே சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

மோகனசுந்தரம் முட்டைப் பக்கம் கையை நீட்டியபடியே, தன் அறைக்கான பில்லைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றையும் இந்த ஐயா அப்போதே கட்டிவிட்டாரே என்று வேரோனிக்கா ஸ்ரீதரனைக் காட்டினாள். நீண்ட கை, நீண்ட வேகத்திலேயே மடிக்குத் திரும்பியது.

"நீங்க கட்டிட்டீங்களாங்க?"

"அதென்ன பெரிய விசயமே. சாப்பிடுங்கோ அண்ணை."

"அப்ப இது உங்க வீட்டுச் சாப்பாடுங்க."

"இல்லையண்ணை, வேரோனிக்கா வீட்டுச் சாப்பாடு."

"காசு உங்களுதுங்களே. பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிற வழக்கம் எங்க பக்கம் இல்லீங்க. பேசி முடிச்சுட்டு நல்லா சாப்பிடலாம்."

அவருடைய மனைவி நாகலட்சுமி, பாணில் பாதிவரை பூசிய வெண்ணெயை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "நேத்தே கேட்டிருக்கலாமுங்க. சாப்பிட்டுட்டாவது கேட்டிருக்கலாம்."

ஸ்ரீதரனுக்கு முதலில் உள்ளூரச் சந்தோஷம். எதிரே இருப்பவர் பசியோடு இருக்கிறார், மேசைக்கோ ஒன்பதரை வரைதான் ஆயுள். பஸ்ஸுக்கு நேரமாகிற வாடிக்கையாளரைப் போல வசதியான ஆள் உலகத்தில் வேறு யார்? இந்த நினைப்பில் ஒரு முட்டைத் துண்டைக் குத்தி எடுத்தார். பக்கத்தில் இருந்த மனைவி பாலேஸ்வரி அவருடைய முள்ளுக்கரண்டியை மெதுவாக வாங்கித் தட்டில் வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டார் பட்டினி கிடக்க, நீங்கள் வயிறுமுட்ட அமத்தப் போறியளோ?"

ஆட்டம் சமநிலைக்கு வந்தது.

"டொரண்டோவில வைப்பமண்ணை. எங்கட சனம் முழுக்க இஞ்சதான்."

"எங்க பக்கம் ஆயிரத்து ஐநூறு பேருங்க. அத்தனை பேத்தையும் பிளேன்ல ஏத்த முடியுமுங்களா?"

"தாலி கட்டுறதை இஞ்ச வச்சிட்டு அங்க ஒரு பெரிய வரவேற்புக் குடுப்பம்."

"தாலி கட்டுறதைப் பார்க்காம சோத்துக்கு மட்டும் வந்து போறதுக்கு எங்க பங்காளிங்க என்ன பந்தி பிடிக்கிற ஆளுங்களா?"

வேரோனிக்கா எட்டிப் பார்த்தாள். தொடாத தட்டுகளைக் கண்டு முகம் வாடி, முட்டையில் ஏதும் குறையா என்றாள். ஒரு குறையும் இல்லை, பிரமாதம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சாப்பிடாமலே இவ்வளவு புகழ்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உள்ளே போய் சூடாக பான்கேக்கும் மேப்பிள் பாகும் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசம் பேச்சுவார்த்தைக்கு இடையில் வந்து சப்பணம் கட்டி உட்கார்ந்துகொண்டது.

மோகனசுந்தரம் எச்சிலை விழுங்கிக்கொண்டு புதுச் சரக்கு இறக்கினார். "ஒண்ணு செய்யலாமுங்க. என் பங்கை நானே குடுத்துடறேன். அப்ப சாப்பிடலாம்."

"அந்தக் கதையே வேண்டாமண்ணை."

"முழுசாவே குடுத்துடறேன். உங்களுக்கும் சேர்த்து."

"சத்தியமா வாங்கமாட்டன்."

ஒருவர் தானாகவே அதிகமாகத் தர முன்வர, ஸ்ரீதரன் வேண்டாமென்று மறுத்தது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ஒன்பதேகாலுக்கு மோகனசுந்தரம் தண்ணீர்க் குவளையைத் தூக்கினார். தண்ணீர் ஆடியது. நெற்றியில் வேர்வை. பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற பாலேஸ்வரியின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"அண்ணை, சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டிட்டியளோ?"

"சுகர் மாத்திரை எட்டு மணிக்கே போட்டாச்சுங்கம்மா."

"அப்ப உடன சாப்பிட வேணும்."

"ரெண்டு நிமிஷம். பேச்சு முடியட்டும்."

பாலேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். பார்வையிலேயே உத்தரவு இருந்தது. ஆனால் ஸ்ரீதரனுக்கும் அந்த நிமிடத்தின் பெறுமதி தெரியும். சேலையின் கரையை மூன்றாம் தரமும் தடவிப் பார்க்கிற பெண், கடைக்காரன் இன்னும் ஒரு நிமிடம் வாய் திறக்காமல் நின்றால் கேட்ட விலைக்கே எடுத்துவிடுவாள். இது அந்த நிமிடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் டொரண்டோ கையில். ஆனால் வேர்த்து விறுவிறுத்த ஒரு மனிதரிடம் பறித்த கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிட்டு என்ன சாப்பாடு போடுவது?

"சரியண்ணை. உங்கட பொள்ளாச்சியிலயே வைப்பம். சாப்பிடுங்கோ" என்றார்.

அவர் வாய் மூடுமுன்பே மோகனசுந்தரமும் கண்ணை மூடிக்கொண்டு, "சரிங்க, டொரண்டோவுலயே வச்சுக்கலாம், அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க" என்று சொல்லி முடித்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சண்டை தலைகீழாகத் திரும்பியது.

"இல்லீங்க, நீங்க பொண்ணைப் பெத்தவங்க. உங்க இஷ்டம்தான்."

"இல்லையண்ணை, மாப்பிள்ளை வீட்டு முறைதான் முறை."

"நான் சொன்னா சொன்னதுதாங்க. டொரண்டோ."

"பொள்ளாச்சி."

"முதல்ல சாப்பிடுங்கோ அண்ணை, பேந்து ஆற அமர இருந்து அடிபடலாம்" என்று பாலேஸ்வரி தோடம்பழச் சாற்றைக் கையில் கொடுத்துத் தட்டையும் நிரப்பினாள். மோகனசுந்தரம் சாற்றை ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, முட்டைப் பொரியலில் பாதியை ஒரே வாயாக உள்ளே தள்ளினார். இரண்டு கன்னமும் உப்பின.

ஸ்ரீதரன் காத்திருந்தது அதற்குத்தான்.

"சரியண்ணை. பெரியவர் நீங்கள் இவ்வளவு வற்புறுத்தேக்க நான் மறுத்தால் மரியாதையில்லை. டொரண்டோவிலயே வைப்பம்."

மோகனசுந்தரத்தின் கண்கள் விரிந்தன. கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். வாயில் முட்டை. நாகலட்சுமி அதைப் பார்த்துச் சிரித்தபடி, பாணின் மீதிப் பாதிக்கும் வெண்ணெய் பூசினார்.

"கை நனைச்சாச்சுங்க, இனி மாத்திப் பேச முடியாது. எனக்கும் நயாகரா பார்க்கணும்."

ஸ்ரீதரன் பெரிய வெற்றியோடு மூன்று பான்கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாகை ஊற்றி, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டார். அதற்குள் மோகனசுந்தரம் விழுங்கி முடித்துவிட்டார். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"சந்தோஷமுங்க சம்பந்தி. டொரண்டோவே இருக்கட்டும். ஆனா சமையல் எங்க ஊர் ஆளுங்கதான். பதினெட்டுப் பேரு வருவாங்க. விசா, டிக்கெட், தங்குற இடம் எல்லாம் பொண்ணு வீட்டுப் பொறுப்பு. சரிதானுங்களே?"

ஸ்ரீதரன் கையை உயர்த்தினார். மேப்பிள் பாகு தாடையை இழுத்துப் பிடித்திருந்தது. மெல்ல முயன்றார், முடியவில்லை. விழுங்க முயன்றார், கண்ணில் நீர் வந்தது.

"ஓமண்ணை," என்றாள் பாலேஸ்வரி, அவருக்குப் பக்கத்தில் இருந்து. "அதுக்கென்ன."