பீரோவின் முதுகு

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வேலை ஒரே இடத்தில். கட்டுவது தங்கையின் வீடு. அதற்குக் கல் சுமக்கும் கூலி வேலைக்கு வந்தவள் அக்கா. நடுவில் மாட்டிக்கொண்டவர் மேஸ்திரி.

"மேஸ்திரி, கலவையில தண்ணி அதிகமா இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க" என்பாள் அக்கா.

"மேஸ்திரி, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லுங்க" என்பாள் மூன்றடி தள்ளி நிற்கும் தங்கை.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேட்குது, என் உயிரை ஏன்மா எடுக்குறீங்க?" என்று அவர் கரண்டியைச் சட்டியில் எறிவார். கல்லூரியிலிருந்து வீடு கட்ட உதவ வந்திருந்த பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதல் நாள் ரூல்ஸும் சிரித்தாள்.

ரூல்ஸ் என்பது அவளுக்குத் தோழிகள் வைத்த பெயர். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பிவிடுவாள். அதனால்தான் மூன்று மாதம் முன்பு, யாருக்கு வீடு கட்டித் தருவது என்று கணக்கெடுக்க இந்தத் தெருவுக்கு அவளை அனுப்பினார்கள். கூரைக்கு இத்தனை மதிப்பெண், சுவருக்கு இத்தனை, வீட்டில் பொருள் இருந்தால் இத்தனை கழிவு. தெருவுக்கு ஒரு வீடு. அதிக மதிப்பெண் பெற்ற குடும்பத்துக்கு அது கிடைக்கும். இந்தத் தெருவில் தங்கைக்குக் கிடைத்தது. அக்கா மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்டாள்.

இரண்டாம் நாள் டீ குடிக்கும்போதுதான் மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். "அக்கா வீட்டுல பீரோ இருக்குன்னு உங்க ஆளுங்ககிட்ட தங்கச்சி போட்டுக் கொடுத்துட்டாளாம். அன்னைக்கு பீரோவைத் துணி போட்டு மூடி வச்சிருந்தாங்களாம். பின்ன வெளியாளுக்கு எப்படித் தெரியும்? அதுல இருந்து பேச்சு வார்த்தை கிடையாது."

ரூல்ஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தங்கை எதையும் போட்டுக் கொடுக்கவில்லை. அக்கா அன்று "உக்காரு பாப்பா, தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து போன நேரத்தில், பூப்போட்ட துணியின் முனையைத் தூக்கிப் பார்த்தவள் ரூல்ஸ்தான். உள்ளே இரும்பு பீரோ. ஏமாற்றப் பார்க்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. 'பீரோ உண்டு' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். ஐந்து மதிப்பெண் கழிவு. பிறகு அந்த அம்மா கொண்டுவந்த தண்ணீரையும் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இருந்ததைத்தானே எழுதினேன் என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே வக்காலத்து வாங்கினாள். மூன்றாம் நாள் அந்த வக்காலத்தும் போனது.

மண்வெட்டி போதவில்லை. "எங்க வீட்டுப் பின்னாடி ஒண்ணு கிடக்கு பாப்பா, எடுத்துக்க" என்றாள் அக்கா. ரூல்ஸ் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே சுவர் முழுதாக இல்லை. ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு அது இடிந்து கிடந்தது; அந்த ஓட்டையில் பீரோ தன் துருப்பிடித்த முதுகை வெளியே காட்டிக்கொண்டு நின்றது. ஓரத்து இடுக்குகளில் மண்ணைக் குழைத்து அப்பியிருந்தார்கள். அடித்தட்டு மழையில் இற்றுப்போய், உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. சுவர் இடிந்ததற்குப் படிவத்தில் பத்து மதிப்பெண். பின்னால் வந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அன்று எட்டு வீடு பாக்கி இருந்தது, வெயில் அடித்தது, பார்க்கவில்லை.

மாலையில், அவர்களை அழைத்து வந்திருந்த ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "நீ இப்படி யோசிக்கிறதே பெரிய விஷயம்மா" என்று பாராட்டிவிட்டார். "லிஸ்ட் முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் அவங்க பேரை முதல்ல எழுதச் சொல்றேன். அவங்ககிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே. வீணா மனசு கஷ்டப்படுவாங்க."

வாயை மூடிக்கொள்ள நல்ல சாக்கு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினாள். ஆனால் அக்கா சும்மா இருந்தால்தானே! "வெயில்ல நிக்காதே பாப்பா", "கையில கொப்புளமா, காட்டு" என்று வார்த்தைக்கு வார்த்தை பாப்பா. ஒவ்வொரு பாப்பாவும் சுருக்கென்று தைத்தது. மூன்றடி தள்ளி, செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு தங்கை கலவை குழைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை. கல்லை வாங்க அக்கா கை நீட்டினாள். ரூல்ஸ் கொடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அக்கா, பீரோ இருக்குன்னு உங்க தங்கச்சி சொல்லல. நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப நான்தான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். நான்தான் எழுதினேன்."

அக்காவின் கை கீழே இறங்கியது. "இவ சொல்லலையா?"

"இல்லக்கா. யாருமே சொல்லல."

"பின்னாடி வந்து பார்த்தியா?"

"பார்க்கலை."

"வெளி மனுஷங்க வர்றாங்களே, இடிஞ்ச சுவரைக் காட்டிக்கிட்டா உக்கார வைக்கிறதுன்னு மூடினேன்." அதை அவள் ரூல்ஸைப் பார்த்துச் சொல்லவில்லை. திரும்பித் தங்கையிடம் போனாள். மேஸ்திரி கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ஏன்டி, நான் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே. நீ எங்க கேட்ட?"

"உன் பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்பகூட நான் எட்டிப் பார்க்கலையேடி!"

"எட்டிப் பார்க்கலைதான்." தங்கை கலவைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்த மூணு ராத்திரியும் உன் வீட்டு விளக்கு அணையலை. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அக்கா முந்தானையால் தங்கையின் முகத்திலிருந்த சிமெண்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். தங்கையும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குத் திட்டினாள். மூன்று மாதப் பாக்கி அல்லவா!

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "அப்பாடா, எனக்கு விடுதலை."

ரூல்ஸ் கல்லோடு அங்கேயே நின்றிருந்தாள். கை கடுத்தது. யாராவது திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. கல்லைக் கொடுக்க அக்காவின் அருகே ஓரடி எடுத்து வைத்தாள்.

அக்கா திரும்பாமலே சொன்னாள்:

"மேஸ்திரி, அந்தப் பொண்ணைக் கல்லைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

மேஸ்திரி ரூல்ஸைப் பார்த்தார். "கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு மேஸ்திரி" என்றாள் ரூல்ஸ். கல்லைக் கீழே வைத்தாள்.